சார் என்று சொன்னால் மரியாதை ஆகிவிடுமா? டிராக் ரேஸ் திடலில் ஒரு பழைய அமெரிக்க வழக்கு

கார்ப் பந்தயம் என்றால் வளைவு, திருப்பம், ஐம்பது அறுபது சுற்று என்று எதிர்பார்த்துப் போகிறவரை டிராக் ரேஸ் ஏமாற்றிவிடும். நேராக ஒரே ஒரு சாலை. அதில் இரண்டு தடம், தடத்துக்கு ஒரு வண்டி. பச்சை விளக்கு விழுந்ததும் கிளம்ப வேண்டும். எதிர்க்கோட்டை யார் முதலில் தொடுகிறாரோ அவர் ஜெயித்தார். மரபான தூரம் கால் மைல், அதாவது 1,320 அடி. நைட்ரோமீத்தேன் என்ற எரிபொருளைக் குடித்து ஓடும் டாப் ஃப்யூயல், ஃபன்னி கார் வண்டிகளுக்கு மட்டும் 2008இல் அதை 1,000 அடியாகக் குறைத்தார்கள். அந்த ஆண்டு நியூ ஜெர்சியில் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் இறந்துபோனதுதான் காரணம். டாப் ஃப்யூயல் வண்டி அந்த 1,000 அடியை நான்கு விநாடிக்குள் முடித்துவிடும். முடிக்கும்போது வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

தமிழில் எழுதுவதில் ஒரு சங்கடம். தடத்தையும் டிராக் என்கிறோம், இந்தப் பந்தயத்தின் பெயரும் டிராக்தான். இந்தக் கட்டுரையில் டிராக் என்றால் பந்தயம். ஓடும் இடத்தை ஓடுதளம் என்றே சொல்கிறேன். அதற்கு நியாயமும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சும்மா கிடந்த விமான ஓடுதளங்களில்தான் இந்த ஆட்டம் வளர்ந்தது. கலிஃபோர்னியாவின் கோலெட்டாவில் 1949இல் ஓடினார்கள், சான்டா அனாவில் 1950இல் டிக்கெட் போட்டே நடத்தினார்கள். நம் சோழவரமும் அப்படித்தானே, போர்க்கால ஓடுதளம் பந்தயத் திடலானது.

நான்கு விநாடிப் பந்தயத்துக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்களே, மீதி நேரம் என்ன செய்வார்கள்? பேசுவார்கள். அமெரிக்காவில் இதை நடத்தும் பெரிய அமைப்பு என்எச்ஆர்ஏ. வாலி பார்க்ஸ் 1951இல் தொடங்கியது. அதன் பந்தயங்களில் எந்த டிக்கெட் வாங்கினாலும், வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிட் பகுதிக்குள் போகலாம். ஓட்டம் முடிந்து வந்த இன்ஜினை மெக்கானிக்குகள் பிரித்துப் பரப்பி அடுத்த சுற்றுக்குள் கட்டி முடிப்பதை நான்கடி தள்ளி நின்று பார்க்கலாம். நைட்ரோ புகையில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பவர் யாராக இருந்தாலும் பேச்சுக் கொடுக்கத் தோன்றும்.

முதலில் டயர், கிளட்ச், யார் எத்தனை விநாடி என்று போகும். அப்புறம் ஊர் பேச்சு வரும். ஜார்ஜியாக்காரர் சொல்வார், எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே 'யெஸ் சார்', 'யெஸ் மேம்'தான், வடக்கத்திக்காரர்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது என்று. நியூ ஜெர்சிக்காரர் சிரித்துக்கொண்டே, நாங்கள் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வோம், அதுவும் மரியாதைதான் என்பார். அங்கே வயதான கறுப்பர் ஒருவர் நின்றிருந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். அந்தக் காலத்தில் யார் யாரை சார் என்றார்கள் என்பது அவர் கேள்வியாக இருக்கும்.

அந்தக் கேள்வியைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். தென்மாநிலங்களின் பணிவு, வடக்கின் முரட்டுத்தனம், இன விஷயத்தில் முன்னேற்றம் உண்டா இல்லையா என்ற மூன்று பேச்சுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது.

நமக்கு நீ, நீங்கள் என்று இரண்டு இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் ஒரே 'யூ'. நீங்களில் நாம் ஏற்றும் சுமையை அமெரிக்கத் தெற்கில் சார், மேம் என்ற இரண்டு சொல்தான் சுமக்கின்றன. பெட்ரோல் போடும் இடத்தில், சாப்பாட்டுக் கடையில், சொந்த அப்பா அம்மாவிடம்கூட இந்தச் சொற்கள் வரும். லூசியானா மாநிலம் 1999இல் இதைச் சட்டமாகவே ஆக்கியது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரை சார், மேம் என்றோ, மிஸ்டர், மிஸஸ் என்று பெயரோடு சேர்த்தோதான் அழைக்க வேண்டும். சட்டம் போட்டு மரியாதையை வரவழைக்க முடியுமா என்று அப்போதே கேலி செய்தவர்கள் உண்டு.

ஆனால் நூறு வருடத்துக்கு மேலாக இந்த மரியாதை ஒருவழிப் பாதையாக இருந்தது. இனப் பிரிவினைச் சட்டங்கள் இருந்த காலத்தில் கறுப்பர் வெள்ளையரை சார் என்றோ மிஸ்டர் என்றோ அழைத்தே ஆக வேண்டும். திரும்பி அந்த மரியாதை வராது. அறுபது வயதுக் கறுப்பரைப் பத்து வயது வெள்ளைப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், அல்லது 'பாய்' என்பான். கொஞ்சம் இரக்கம் காட்ட நினைத்தால் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்பார்கள். நமக்கு அங்கிள், ஆன்ட்டி என்றால் உறவு கொண்டாடுவது. அங்கே அது மிஸ்டர், மிஸஸ் என்று சொல்லாமல் தப்பிப்பதற்கு ஒரு வழி. ஒரே சொல், இரண்டு கண்டத்தில் எதிரெதிர் வேலை பார்த்திருக்கிறது.

இது நீதிமன்றம் வரைக்கும் போனது. அலபாமாவின் காட்ஸ்டன் நகரில் 1963இல் மேரி ஹாமில்டன் என்ற சிவில் உரிமைப் போராளி சாட்சிக் கூண்டில் நின்றார். அரசு வழக்கறிஞர் அவரை 'மேரி' என்றார். வெள்ளைக்காரப் பெண் சாட்சியை மிஸ் என்பார்கள், கறுப்புப் பெண்ணை வெறும் பெயர். 'மிஸ் ஹாமில்டன்' என்று அழைக்கும்வரை பதில் சொல்ல மாட்டேன் என்றார் அவர். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறை, 50 டாலர் அபராதம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964 மார்ச்சில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. மிஸ் என்ற ஒற்றைச் சொல்லுக்காக ஒருவர் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது என்பது தெரிந்தால், பிட் பகுதியில் அந்தப் பெரியவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பது புரியும்.

அதே 1963ஆம் ஆண்டு பந்தய உலகில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று டிராக் ரேஸில், இன்னொன்று நாஸ்கார் எனப்படும் வட்டப் பந்தயத்தில்.

அதுவரை டிராக் ரேஸை ஒரு ஆள்தான் கொடி காட்டித் தொடங்கிவைப்பார். இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்று கொடியை விசிறுவார், சிலர் துள்ளிக் குதித்துக் காட்டுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அவர் தோள் அசைவதைப் படித்துவைத்துக்கொண்டு கெட்டிக்கார ஓட்டுநர்கள் முந்திக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் தீர்ப்பும் ஒரு மனிதனின் கண்தான். 1963இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் கொடிக்குப் பதில் விளக்குக் கம்பம் வந்தது. மேலிருந்து கீழே வரிசையாக விளக்குகள், அதனால் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர். அவசரப்பட்டுக் கிளம்பினால் சிவப்பு எரியும். ஓட்டுநர் யார், எந்த ஊர், என்ன நிறம் என்று அந்த மரத்துக்குத் தெரியாது.

மரம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டாவது விஷயமே சாட்சி. வெண்டல் ஸ்காட், வர்ஜீனியாவின் டான்வில் ஊர்க்காரர், கறுப்பர். சாராயம் கடத்திக் கார் ஓட்டப் பழகியவர். போலீஸ்காரர்களிடம் 'இந்தப் பக்கம் வேகமாக ஓட்டும் கறுப்பன் யார்' என்று பந்தய அமைப்பாளர் ஒருவர் விசாரித்து, கூட்டம் சேர்க்கும் வேடிக்கையாகத்தான் அவரை முதலில் கூட்டிவந்தார்கள். தன் பிள்ளைகளையே மெக்கானிக்குகளாக வைத்துக்கொண்டு, அடுத்தவர் கழித்த உதிரிகளை வைத்து ஓட்டிய அந்த மனிதர் 1963 டிசம்பர் 1 அன்று ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயத்தில் ஜெயித்தார். இரண்டு சுற்று வித்தியாசத்தில். ஆனால் கொடியும் கோப்பையும் பக் பேக்கர் என்ற வெள்ளைக்காரருக்குப் போயின. கூட்டம் கலைந்த பிறகு, சுற்றை எண்ணியதில் பிழை என்று சொல்லி ஸ்காட்டை வெற்றியாளராகப் பதிந்தார்கள். ஜெயித்தவருக்கு அழகிப் பட்டம் வாங்கிய பெண் முத்தம் தருவது அன்றைய வழக்கம். ஒரு கறுப்பனுக்கு வெள்ளைப் பெண் முத்தமிடும் காட்சியைத் தவிர்க்கத்தான் இந்தப் 'பிழை' என்று ஸ்காட் நம்பினார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. இரண்டு சுற்றை எண்ணத் தவறுவது அவ்வளவு சுலபமில்லை.

அவர் 1990இல் இறந்தார். குடும்பத்தின் கையில் முறையான கோப்பை வந்து சேர்ந்தது 2021 ஆகஸ்டில், டேடோனாவில்.

இதை வைத்து டிராக் ரேஸ் நல்லது, நாஸ்கார் கெட்டது என்று முடிவு கட்டக் கூடாது. நாஸ்காரின் தாய்வீடு தெற்கு, டிராக் ரேஸின் தாய்வீடு கலிஃபோர்னியா என்பது உண்மை. ஆனால் டிராக் ரேஸும் சீக்கிரமே தெற்கில் வேர்விட்டது. டென்னசியின் பிரிஸ்டலில் 1965இல் ஓடுதளம் வந்தது. ஐஎச்ஆர்ஏ என்ற போட்டி அமைப்பே 1970இல் அந்தப் பக்கத்தில்தான் முளைத்தது. கரோலினா, ஜார்ஜியா, அலபாமா முழுக்கச் சின்னச் சின்ன ஓடுதளங்கள், பெரும்பாலும் கால் மைல்கூட இல்லை, அரைக்கால் மைல், 660 அடி.

அந்தக் காலத்தில் நன்றாகக் காசு வந்தது மேட்ச் ரேஸில். இரண்டு பெயர் பெற்ற ஓட்டுநர்களை அழைத்து, மூன்று ஓட்டம் ஐந்து ஓட்டம் என்று மோதவிட்டு, ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிக் கூட்டம் சேர்ப்பார்கள். இதில் பெயர் வாங்கிய கறுப்பர் மால்கம் டர்ஹம். வட கரோலினாவின் கோல்ட்ஸ்பரோவில் பிறந்து வாஷிங்டனில் தொழில் நடத்தியவர். 1963 ஷெவர்லே இம்பாலாவில் தொடங்கி 'ஸ்ட்ரிப் பிளேசர்' என்று பெயர் வைத்த வண்டிகளை வரிசையாக ஓட்டினார். ரசிகர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'டி.சி. லிப்'. வாஷிங்டன் வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். லூயிவில் வாய் என்று முகமது அலியை அழைத்த காலம் அது. எதிராளியைச் சீண்டிப் பேசுவது மேட்ச் ரேஸில் வியாபாரத்தின் பாதி. அதைக் கறுப்பர் ஒருவர் வெள்ளைக்கார எதிராளியைப் பார்த்துச் செய்வது 60களில் சின்ன விஷயமில்லை.

பேசிவிட்டு ஜெயித்துவிட்டுப் படுக்க ஓர் இடம் வேண்டுமே. கறுப்பர்களுக்கு எந்த ஊரில் எந்த விடுதி அறை தரும், எந்தக் கடை சோறு போடும் என்று பட்டியல் போட்ட 'கிரீன் புக்' என்ற பயண வழிகாட்டி 1936 முதல் 60களின் நடுப்பகுதி வரை வெளிவந்தது. 1964 ஜூலையில் சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் விடுதி, உணவகம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றில் நிறம் பார்த்துத் தடுப்பது நாடு முழுக்கச் சட்டவிரோதமானது. வண்டியை டிரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு இரவெல்லாம் போகும் ஒருவனுக்கு ஓடுதளத்தின் 1,320 அடியில் கிடைக்கும் சமத்துவம், வெளி கேட்டைத் தாண்டியதும் முடிந்துவிடும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு வடக்கும் மேற்கும் சொர்க்கம் என்று விட்டுவிட முடியாது. நகைச்சுவைப் பேச்சாளர் டிக் கிரெகரி சொன்னதாக வழங்கும் ஒரு வாசகம் உண்டு. தெற்கில் நான் எவ்வளவு பக்கத்தில் வந்தாலும் கவலைப்பட மாட்டார்கள், பெரியவனாக வளராமல் இருந்தால் போதும். வடக்கில் எவ்வளவு பெரியவனானாலும் கவலைப்பட மாட்டார்கள், பக்கத்தில் வராமல் இருந்தால் போதும். பிட் பகுதியில் நடக்கும் வடக்கு தெற்கு வாக்குவாதத்துக்கு இதைவிடச் சுருக்கமான தீர்ப்பை நான் கேட்டதில்லை.

மேற்கில், லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் 1965 ஆகஸ்டில் கலவரம் வெடித்தது. 34 பேர் இறந்தார்கள். அந்தச் சாம்பலிலிருந்து டிராக் ரேஸ் வரலாற்றின் விசித்திரமான மனிதர் ஒருவர் எழுந்து வந்தார். வில்லி ராபின்சன், ஊருக்கு 'பிக் வில்லி'. ஆறடி ஆறங்குலம், உடற்பயிற்சியில் இறுகிய உடம்பு, தலையில் ஒரு தொப்பி. நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். இரவில் தெருவில் திருட்டுத்தனமாக ரேஸ் விடும் கூட்டத்தை வைத்து 'சர்வதேசத் தெருப் பந்தயச் சகோதரத்துவம்' என்று ஒரு சங்கம் அமைத்தார். பெயர் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் வேலை நடந்தது. கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ வம்சாவளியினர், ஜப்பானிய வம்சாவளியினர் எல்லோரும் ஒரே தெருவில் நின்று வண்டி விட்டார்கள். போலீஸே ஒரு கட்டத்தில் கண்டும் காணாமல் நின்றது, சில இரவுகளில் உதவியும் செய்தது. ரேஸ் விடுகிறவன் கடையைக் கொளுத்தப் போக மாட்டான் என்பது அவர்கள் கணக்கு.

பிக் வில்லியின் வாதம் எளிமையானது. இருவரும் வண்டி மூடியைத் திறந்து இன்ஜினைப் பார்க்கும்போது சண்டை போடத் தோன்றாது என்பார். தெருவில் விடுவது ஆபத்து, ஓடுதளம் கொடு என்று நகர நிர்வாகத்தைத் துரத்தினார். லாஸ் ஏஞ்சலஸின் முதல் கறுப்பின மேயர் டாம் பிராட்லி ஆதரவு தந்தார். துறைமுகத்தை ஒட்டிய டெர்மினல் தீவில் 1974இல் 'பிரதர்ஹுட் ரேஸ்வே பார்க்' திறந்தது. எதில் வந்தாயோ அதை ஓட்டு என்பதுதான் விதி. அவரும் மனைவி டொமிக்கோவும் நீண்ட மூக்கும் பின்னால் உயர்ந்த இறக்கையும் கொண்ட டாட்ஜ் டேடோனா கார்களை ஓட்டினார்கள். துறைமுகத்துக்கு இடம் தேவைப்பட்டபோதெல்லாம் மூடினார்கள், வில்லி போராடித் திறக்கவைத்தார், மறுபடி மூடினார்கள். 90களின் நடுவில் நிரந்தரமாகவே மூடப்பட்டது. அவர் 2012இல் இறக்கும்வரை அதைத் திறக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். தன்னைப் பற்றி அவர் சொன்ன கதைகளில் எது நடந்தது, எது ஊதிப் பெருத்தது என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் அந்த ஓடுதளம் இருந்தது, அதில் எல்லா நிறத்தவரும் ஓடினார்கள் என்பதில் சந்தேகமில்லை. அங்கே யாரும் யாரையும் சார் என்று அழைத்துக்கொண்டிருக்கவில்லை. பிரதர் என்பதுதான் வழக்கம்.

தெற்கின் பணிவுக்கு இன்னொரு முகம் உண்டு. அதை ஆய்வுக்கூடத்திலேயே பார்த்திருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டோவ் கோஹன், ரிச்சர்ட் நிஸ்பெட் முதலியோர் நடத்தி 1996இல் வெளியிட்ட சோதனை அது. வெள்ளை மாணவர்களை, தெற்கத்தியர் வடக்கத்தியர் என்று பிரித்து, ஒரு குறுகிய நடைவழியில் நடக்கவைத்தார்கள். எதிரே மலைபோல் ஒரு ஆள் வழிவிடாமல் வருவார். எத்தனை அடி தூரத்தில் மாணவன் ஒதுங்குகிறான் என்று அளந்தார்கள். சாதாரணமாகத் தெற்கத்தியன் சுமார் ஒன்பது அடி தூரத்திலேயே வழிவிட்டான், வடக்கத்தியனைவிட முன்கூட்டியே. ஆனால் அதற்கு முன்பு வேறொருவன் வேண்டுமென்றே இடித்துக் கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால், அதே தெற்கத்தியன் மூன்றடி வரைக்கும் ஒதுங்கவில்லை. வடக்கத்தியனுக்குத் திட்டு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதே ஆறடிதான். ஆக அந்தப் பணிவு சாந்தத்தில் பிறந்ததல்ல. அவமதித்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் எல்லோரும் காக்கும் ஒப்பந்தம் அது. சோதனைக்கு எடுத்தது வெள்ளை ஆண்களை மட்டுமே என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

டிராக் ரேஸ் பார்ப்பவர்களுக்கு இந்த நடைவழி புதிதல்ல. தொடக்கக் கோட்டில் இரண்டு ஒளிக்கற்றை இருக்கும். முன்சக்கரம் முதல் கற்றையை வெட்டினால் மரத்தின் உச்சியில் ஒரு விளக்கு, சில அங்குலம் தள்ளி இரண்டாவதை வெட்டினால் இன்னொன்று. இருவரும் முதல் விளக்கை ஏற்றியாகிவிட்டது என்று தெரிந்த பிறகே இரண்டாவதற்கு நகர்வது மரியாதை. விதிப் புத்தகம் என்ன சொன்னாலும் பிட்டில் இதற்குப் பெயர் 'கர்ட்டசி ஸ்டேஜிங்'. இதை மீறி ஒருவன் எதிராளி வருமுன் இரண்டு விளக்கையும் ஏற்றிவிட்டால் அடுத்தவனுக்குச் சுருக்கென்று கோபம் வரும். சிலர் வேண்டுமென்றே நகராமல் நிற்பார்கள். நீ முதலில் போ, இல்லை நீ போ. இன்ஜின் சூடேறிக்கொண்டே இருக்கும், கூட்டம் எழுந்து நிற்கும். இதை 'பர்ன் டவுன்' என்பார்கள். மொத்தப் பந்தயம் நான்கு விநாடி, இந்த வீம்பு அதைவிட நீளமாக ஓடும்.

இன்னொரு பக்கம், தெற்கில் 'கிரட்ஜ் ரேஸ்' என்று ஒரு தனி உலகம் இருக்கிறது. அங்கே கறுப்பின ஓட்டுநர்களும் கறுப்பினக் கூட்டமும்தான் ராஜா. முன்பகை தீர்க்கும் பந்தயம் என்று பொருள். நிஜத்தில் பந்தயப் பணம்தான் பகை. நேரம் காட்டும் பலகையை அணைத்துவைத்துவிடுவார்கள், யார் வண்டி எத்தனை விநாடியில் ஓடுகிறது என்பது ரகசியம். அதனால் பேரம் ஆரம்பமாகும். எனக்கு இரண்டு கார் நீளம் முன்னால் விடு, முதலில் கிளம்புவது நான், உன் டயர் பெரிது, என் இன்ஜின் பழசு. மணிக்கணக்கில் வாய்ச்சண்டை. வெளியிலிருந்து வரும் பணிவான ஆள் இதைக் கேட்டால் அடிதடி ஆகப்போகிறது என்று ஒதுங்குவார். ஆகாது. நோட்டுக்கட்டு இருவருக்கும் பொதுவான ஒருவர் கையில் இருக்கும். ஓட்டம் முடிந்ததும் தோற்றவர் பணத்தைப் பற்றிப் பேசக் கூடாது. வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், கொடுத்த வாக்கில் மட்டும் விளையாடக் கூடாது என்பது அவர்களுடைய இங்கிதம். ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்கள் கோயிலில் யெஸ் மேம், நோ மேம் என்றுதான் பேசுவார்கள்.

வார இறுதியில் சொந்த வண்டியோடு வரும் சாதாரண ஆட்கள் ஓடுவது பிராக்கெட் ரேஸ். என் வண்டி 12 விநாடியில் ஓடும் என்று நீங்களே கண்ணாடியில் எழுதிவைக்க வேண்டும். எதிராளி 10 என்று எழுதியிருந்தால் உங்களுக்கு இரண்டு விநாடி முன்னதாகவே பச்சை விழும். சொன்னதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி, பொய் சொன்னதற்கு அபராதம்போல. இதனால் பழைய குடும்பக் காரில் வரும் பாட்டியும் பணக்காரனின் இயந்திரத்தை வீழ்த்தலாம். இங்கே எனக்கு எப்போதும் ஒரு குறும்பு தோன்றும். மெதுவான வண்டிக்கு முன்கூட்டிய பச்சை தருவது நியாயம் என்று இந்தத் திடலில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கையில் கறுப்பின மாணவருக்கு அப்படி ஒன்று தருவது நியாயமா என்று கேட்டால் அதே திடல் இரண்டாகப் பிளந்துவிடும். 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனம் பார்ப்பதை நிறுத்தியபோது பிளந்தது. இரண்டும் ஒன்றல்லதான். பிராக்கெட்டில் வண்டியின் வேகத்தை அதன் உடைமைக்காரனே சொல்கிறான். வாழ்க்கையில் யார் எவ்வளவு பின்னால் நிற்கிறார் என்பதை அடுத்தவர் அளக்க வேண்டியிருக்கிறது.

சரி, மரம் நிறம் பார்க்காது என்றால் கறுப்பின சாம்பியன் வர ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? பெண் ஓட்டுநர் ஷெர்லி மல்டவுனி கூட்டத்தின் கூச்சலையும் சக ஓட்டுநர்களின் ஏளனத்தையும் தாண்டி டாப் ஃப்யூயல் பட்டத்தை 1977இலேயே வாங்கிவிட்டார். அந்த வகையில் ஒரு கறுப்பர் முதன்முறையாக ஒரு பந்தயம் ஜெயித்ததே 2006இல், ஜே.ஆர். டாட். பட்டம் வாங்கியது 2012இல், ஆன்ட்ரன் பிரவுன். ஒரு பெரிய அமெரிக்கக் கார்ப் பந்தயத் தொடரில் பட்டம் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர்தான். ஏழே புள்ளி வித்தியாசம்.

காரணம் பணம். டாப் ஃப்யூயல் இன்ஜின் 11,000 குதிரைத்திறனுக்கு மேல் கக்கும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதைப் பிரித்துக் கட்ட வேண்டும். ஸ்பான்சர் இல்லாமல் ஒரு வாரம் தாங்காது. ஓடுதளத்தில் மரம் இருக்கிறது, ஸ்பான்சரின் அலுவலகத்தில் மரம் இல்லை. அங்கே இன்னும் கொடி ஆட்டும் மனிதர்தான். நியூ ஜெர்சியில் அப்பாவும் சித்தப்பாவும் உள்ளூரில் டிராக் ரேஸ் விடுவதைப் பார்த்து வளர்ந்த பிரவுனுக்குக் கதவு திறந்தது ஒரு உறவால்தான். அவருடைய உறவுக்காரப் பெண்ணை மணந்த ட்ராய் வின்சென்ட் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் 1998இல் தன் பைக் அணியில் சேர்த்துக்கொண்டார். பத்து வருடம் பைக், 2008இல் டாப் ஃப்யூயல், 2012, 2015, 2016இல் பட்டம். 2022இல் சொந்த அணி தொடங்கினார். 2024இல் அந்தச் சொந்த அணியிலேயே நான்காவது பட்டம். ரசிகர்கள் பட்டங்களை எண்ணுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிப் பட்டம், முதலாளியாக வாங்கியது.

வட்டப் பந்தயத்தின் பக்கம் 2020 ஜூனில் நாஸ்கார் கூட்டமைப்புக் கொடியைத் தடை செய்தது. உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காக நின்ற தெற்கின் கொடி அது, தலைமுறை தலைமுறையாகக் கூடார வண்டிகளின் மேல் பறந்தது. சில நாள் கழித்து அலபாமாவின் டல்லடேகாவில் கறுப்பின ஓட்டுநர் பப்பா வாலஸின் கொட்டகையில் தூக்குக் கயிறுபோல் முடிச்சிட்ட கயிறு தென்பட்டது. மறுநாள் எல்லா ஓட்டுநர்களும் சேர்ந்து அவர் காரைத் தள்ளிக்கொண்டு வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அது முந்தைய ஆண்டிலிருந்தே தொங்கிய கதவிழுக்கும் கயிறு, அவரைக் குறிவைத்ததல்ல என்று எஃப்பிஐ சொன்னது. அவ்வளவுதான், பேச்சு இரண்டு முகாமாகிவிட்டது. ஒன்றுமில்லாததைப் பெரிதாக்கினார்கள் என்று ஒரு சாரார், ஒரு கயிற்றைப் பார்த்ததும் எல்லோருக்கும் அந்த எண்ணம்தானே வந்தது, அது எதனால் என்று இன்னொரு சாரார். இரண்டாவது கேள்விக்கு முதல் சாரார் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. வாலஸ் 2021 அக்டோபரில் அதே டல்லடேகாவில் ஜெயித்தார். வெண்டல் ஸ்காட்டுக்குப் பிறகு நாஸ்காரின் உச்சத் தொடரில் ஜெயித்த முதல் கறுப்பர். இடையில் 58 வருடம் போயிருந்தது.

இதற்கெல்லாம் பிறகும் ஜார்ஜியாக்காரரும் நியூ ஜெர்சிக்காரரும் பிட்டில் அதே வாக்குவாதத்தைத் தொடர்வார்கள். சார்லட்டிலோ பிரிஸ்டலிலோ சனிக்கிழமை மத்தியானம் பிரவுனின் டிரெய்லர் முன்னால் கையெழுத்துக்கு நீண்ட வரிசை நிற்கும். தெற்கத்தி அப்பா ஒருவர் தோளில் காது மூடியோடு ஒரு பொடியன். பிரவுன் குனிந்து படத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டுகிறார். பையன் வாங்கிக்கொண்டு வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அப்பா அவன் தொடையைத் தட்டுகிறார்.

'என்ன சொல்லணும்?'

'தேங்க்யூ, சார்.'